நத்தைத் தொட்டிக்கு உப்பு ஆகாது

மலை தெரியும் என்று சொல்லி விற்கப்பட்டு, பிறகு எதிரே இன்னொரு கட்டிடம் எழும்பியதால் யார் வீட்டுத் துணி காய்கிறது என்பது மட்டுமே தெரிகிற, வடவள்ளி குறிஞ்சி அடுக்ககத்தில் குடியிருக்கும் நாங்கள், ஐப்பசி மழை விட்டும் ஈரம் விடாத ஒரு மாதத்தில், வாயோரம் ஈ உட்கார்ந்திருக்க வாழப் பழகினோம். ஈ என்றால் குப்பைமேட்டு ஈ அல்ல, இரண்டாம் மாடி மரகதத்தின் நத்தைத் தொட்டியிலிருந்து கிளம்பிய, எள்ளில் பாதிகூட இல்லாத கறுப்புப் பொடி ஈ. அது கடிக்காது, காதருகில் வந்து இரையாது, கீழுதட்டு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, பந்தியில் இலை போடக் காத்திருப்பவரைப்போலப் பொறுமையாகக் காத்திருக்கும்.

மரகதத்துக்கு நத்தை வளர்க்கும் ஆசையெல்லாம் இருந்ததில்லை. உழவர் சந்தையில் வாங்கிய கீரைக்கட்டைப் பிரித்தபோது உள்ளே இரண்டு நத்தைகள் ஒட்டிக்கொண்டிருந்தன, விளக்குமாற்றுக் குச்சியால் தள்ளப் போனாள், அதில் ஒன்று கொம்பை நீட்டி அவளை ஏற இறங்கப் பார்த்ததும் குச்சியைக் கீழே போட்டுவிட்டாள். மீன் செத்துக் காலியாகக் கிடந்த கண்ணாடித் தொட்டியைக் கழுவி, தென்னை நார்த்தூளைப் பரப்பி, முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவி, பறவை விற்கிற கடையில், நத்தை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்தாகக் கணவாய் மீனின் ஓடு வாங்கி ஓரமாகச் சாய்த்து, மேலே கொசுவலைத் துண்டை இழுத்துக் கட்டி, பெரியதற்கு வெல்லம் என்றும் சின்னதற்குத் தவிடு என்றும் பெயர் வைத்தாள். அவள் புருஷன் தண்டபாணி பம்புசெட் கம்பெனியில் சூப்பர்வைசர், மோட்டாரில் ஒரு சத்தம் மாறினால் அடுத்த கட்டிடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார், வீட்டில் மட்டும் அவர் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. "இந்தக் கருமத்தயெல்லாம் எதுக்கு உள்ள கொண்டாறே" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

ஒரு நாள் மத்தியானம், வெல்லம் ஒரு வெள்ளரி வட்டத்தின் நடுவை மட்டும் தின்று, அந்த ஓட்டைக்குள் தலையை விட்டு, மாலை போட்டுக்கொண்டு மேடை ஏறுகிற கட்சிக்காரரைப்போலத் தொட்டி முழுக்க நடந்தது. மரகதம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு படியிறங்கி ஒவ்வொரு தளமாக வந்தபோது யார் வீட்டிலோ டிவி ஓடுகிறது என்றுதான் நினைத்தோம், ஏனென்றால் அவள் குடிவந்த நாளிலிருந்து அப்படி ஒரு சத்தம் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்ததே இல்லை. அப்புறம் நாங்கள் சும்மா இருப்போமா? நத்தையைப் பார்க்கிற சாக்கில் அவள் சிரிப்பைப் பார்க்கப் போனோம். வெறுங்கையோடு போகக்கூடாது என்று புடலங்காய்த் தோல், கேரட் தோல், பூசணிக் குடல், சப்பாத்தித் துண்டு என்று ஆளுக்கொன்று கொண்டுபோய்த் தொட்டிக்குள் போட்டோம். இரண்டு நத்தைகளால் ஒரு அடுக்ககத்தின் பாசத்தைத் தின்று தீர்க்க முடியவில்லை. மிச்சம் அழுகியது, அழுகியதில் பொடி ஈ முட்டையிட்டது, ஈரத்தில் செள்ளு பிடித்தது.

செள்ளு என்பது வெள்ளைப் புள்ளியாக நத்தையின் கழுத்தோரம் ஓடுகிற பூச்சி, அது மூச்சு விடுகிற துளைக்குள்ளேயே போய்ப் போய் வரும். மரகதம் தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஓவியம் தீட்டுகிற மெல்லிய தூரிகையால் இரண்டையும் குளிப்பாட்டினாள். நார்த்தூளில் கொதிநீர் ஊற்றி ஆற வைத்து, பழையதைக் கொட்டிப் புதியதைப் போட்டாள். தொட்டிக்கு வெளியே மஞ்சள் பசை அட்டையைத் தொங்கவிட்டாள். வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னாள்.

"தொட்டியச் சுடுதண்ணியிலதானுங்க கழுவோணும். சோப்பு போடக் கூடாது. உப்பு மட்டும் ஆகவே ஆகாதுங்க, ஒரு கல்லு பட்டாலும் உருகிப் போயிரும்."

எங்கள் எல்லோருக்கும் இது மனப்பாடம். பேப்பருக்குப் பின்னால் இருந்தவருக்கு மட்டும் கேட்கவில்லை.

இனிச் சொல்லப்போவது எங்களுக்குப் பின்னால்தான் தெரியவந்தது என்றாலும் இங்கேயே சொல்லிவிடுகிறோம், சொல்ல வேண்டியதை உள்ளே வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்தவர்கள் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மரகதம் மருதமலைக்குப் போயிருந்த நேரத்தில், தண்டபாணி சமையலறைக்குள் போய், ஒரு கை கல்லுப்பும் நாலு வரமிளகாயும் எடுத்து, கம்பெனியில் புது மெஷின் இறங்கினால் எப்படிச் சுற்றுவார்களோ அப்படியே தொட்டியை மூன்று முறை வலமும் மூன்று முறை இடமுமாகச் சுற்றினார். மோட்டார் பிடித்துப் பழகிய கை, உப்பு பிடித்துப் பழகாத கை. விரலிடுக்கில் நழுவிய கல்லும் மிளகாய் விதையும் கொசுவலைக் கிழிசல் வழியாக உள்ளே இறங்கின. மிச்சத்தை அடுப்பில் போட்டார், நெடியே வரவில்லை. நெடி கமறினால் ஒன்றும் இல்லை, நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது, இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கண் பட்டிருந்தது, கழித்துவிட்டோம் என்ற திருப்தியோடு அவர் கையைக் கழுவிக்கொண்டு செய்தி பார்க்கப் போனார்.

மறுநாள் காலையில் தவிடு நுரை தள்ளிச் சுருங்கிக் கிடந்தது. வெல்லம் கணவாய் ஓட்டின் உச்சியில் ஏறி ஒட்டிக்கொண்டதால் பிழைத்தது. மரகதம் ஒரு வார்த்தை பேசவில்லை. செத்ததைச் செம்பருத்தித் தொட்டியில் புதைத்துவிட்டு, நார்த்தூளை முழுசாகக் கொட்டி, தொட்டியைச் சுடுதண்ணீரில் பலமுறை கழுவி, ஒரு தோல், ஒரு துணுக்கு, ஒரு மிச்சம் இல்லாமல் துடைத்து வைத்தாள். தண்டபாணி கதவருகில் நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

தொட்டியில் இனி மிச்சம் கிடையாது என்று ஆனதும் ஈக்கள் மிச்சம் இருக்கிற இடம் தேடிக் கிளம்பின. அன்று மத்தியானத்துக்குள் குறிஞ்சி அடுக்ககத்தில் முக்கால்வாசிப் பேருக்கு வாயோரம் ஈ இருந்தது. முதலில் நாங்களும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம், டம்ளரில் வினிகர் ஊற்றி வைத்தோம், சாம்பிராணி போட்டோம், வேப்பிலை கட்டினோம், கனிந்த வாழைப்பழத்தைப் பலி கொடுப்பதுபோல் மொட்டைமாடியில் வைத்தோம். ஈக்கள் வாழைப்பழத்தைச் சட்டை செய்யவில்லை. வீசினால் எழுந்து ஒரு வட்டம் அடித்துவிட்டு அதே உதட்டுக்குத் திரும்பின. யாருக்கு எத்தனை என்பதில்கூட அவை பிசகவில்லை, எங்கே போய்வந்தாலும் அவரவர் ஈ அவரவரிடமே வந்தது.

விஷயம் தெரியவந்தது கீழ்த்தளத்து பிரேமா வீட்டில். அவள் மாமியார் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவார், பொங்கினால் ஏன் பார்க்கவில்லை என்று பிரேமாவைக் கேட்பார். அன்றைக்கும் பால் பொங்கியது, அன்றைக்கும் கேட்டார், உதட்டில் வரிசையாக உட்கார்ந்த ஈக்களோடு பிரேமா திரும்பி, "அத்தே, நீங்க வெச்ச பாலுக்குக் காவலிருக்க எங்கப்பா என்னயக் கட்டிக் குடுக்கலீங்" என்றாள். ஈக்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்து ஜன்னல் வழியாகப் போய்விட்டன. மாமியார் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "நீ பண்ற ரசம் எனக்கு ரொம்பப் புடிக்கும் புள்ளே, சொன்னா ஏறிக்குவியோன்னு சொல்லல" என்றார். அவருடைய ஈயும் போனது. அன்றைக்கு அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து பாத்திரம் கழுவினார்கள் என்று கேள்வி.

அதற்குப் பிறகு எங்கள் அடுக்ககம், வாய்க்குள் மிச்சம் வைத்திருந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கியது. படியில் சொன்னார்கள், லிஃப்டில் சொன்னார்கள், பாதி சவரத்தில் நுரையோடு வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் லோகநாதன், மின்வாரியத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், தான் தினமும் நாலு மாடி ஏறி இறங்குவது உடம்புக்காக அல்ல, லிஃப்ட் என்றால் பயம் என்று பொதுவில் ஒத்துக்கொண்டார். பாட்டு டீச்சர் ஒருவர் தன் மாணவி ஒருத்திக்குப் பாட்டு வராது, ஆனால் அவள் நன்றாகப் படம் வரைவாள் என்றார், அந்தப் பெண் அழாமல் சிரித்துவிட்டு ஓடியது. பெண் பார்க்க வந்த கூட்டத்தில் மாப்பிள்ளைக்கு ஈ உட்கார்ந்தது, பெண்ணுக்கும் உட்கார்ந்தது, அவர் ஒருத்தியின் பெயரைச் சொன்னார், இவள் ஒருவன் பெயரைச் சொன்னாள், இரண்டு வீட்டாரும் பஜ்ஜியை வீணாக்க வேண்டாம் என்று தின்றுவிட்டுச் சமாதானமாகக் கிளம்பினார்கள். வாட்ச்மேன் மாரப்பனுக்கு மட்டும் கடைசிவரை ஒரு ஈகூட வரவில்லை. அவர் எங்களைப் பற்றி நினைத்ததையெல்லாம் அன்றன்றைக்கே கேட்டருகில் நின்று சொல்லி முடித்துவிடுகிறவர்.

சண்டை இல்லாமல் இல்லை. இரண்டு வீடுகள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை, ஆனால் முன்னாலும் அவர்கள் பேசிக்கொண்டா இருந்தார்கள், சிரித்துக்கொண்டுதானே இருந்தார்கள். நாளாக ஆக ஈக்கள் குறைந்தன. நாங்களும் சுத்தமான உதட்டோடு ஒருவரையொருவர் பார்த்து, உனக்கு இன்னுமா என்று கேட்கிற அளவுக்குப் பெருமை பிடித்துப்போனோம்.

கடைசியில் ஈ இருந்தது இரண்டாம் மாடியில் மட்டும். தண்டபாணியின் வாயைச் சுற்றி மீசைக்கு மேல் இன்னொரு மீசையாக அப்பியிருந்தது. மரகதத்துக்கும் கொஞ்சம் இருந்தது, தொட்டியோடு கிடக்கிறாள், அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டோம். கம்பெனியில் அவரைத் தனியாக உட்காரச் சொன்னார்கள். சாப்பிடும்போது ஈயோடு சேர்த்துச் சாப்பிட்டார். வாயைத் திறப்பார், மூடுவார், தண்ணீர் குடிப்பார்.

சனிக்கிழமை லோகநாதன் இரண்டாம் மாடிக்கு, படியேறித்தான், போனார்.

"மரகதம், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாத்து வீட்டுலயும் போயிருச்சு. ஒரு ஈ இருந்தாலும் மறுபடி பெருகிரும். நாளைக்குக் காத்தால தொட்டியக் கீழ கொண்டாந்துருங்க. அடிவாரத்துல எங்க மச்சாண்டான் தோட்டம் இருக்குது, அங்க உட்டுட்டு வந்தர்றேன்."

"தோட்டத்துல நத்தைய வெச்சிருப்பாங்களாங்க?"

லோகநாதனுக்கு இப்போது எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தைரியம் கிடையாது. "வெக்க மாட்டாங்க. வாழைக் குருத்தத் திங்கும்னு உப்பத் தூவிருவாங்க."

மரகதம் தொட்டியைக் கையால் அணைத்துக்கொண்டாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து இருமல் சத்தம் மட்டும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் மேசை போட்டு அதன்மேல் தொட்டியை வைத்தோம். எல்லோரும் வந்துவிட்டோம், பிரேமாவின் மாமியார் ஒரு வெள்ளரி வட்டம்கூட நறுக்கிக் கொண்டுவந்திருந்தார், வழியனுப்ப. மரகதம் தொட்டியோரம் நின்றாள். வெல்லம் கண்ணாடியில் ஏறி எங்கள் பக்கம் கொம்பை நீட்டியது. எங்களுக்கே ஒரு மாதிரியாக இருந்தது, ஆனால் பாவம் என்று நினைத்ததை அப்போதே சொல்லியும்விட்டோம், அதனால் எங்களுக்கு ஈ வரவில்லை.

"தண்டபாணி," என்றார் லோகநாதன், "மனசுல என்னமோ இருக்குது. சொல்லீருங்க. சொல்லீட்டா அப்பறம் யாரு தொட்டியத் தூக்கப் போறா?"

தண்டபாணி தொண்டையைச் செருமினார். "அந்த எவர்சில்வர் தூக்குப்போசிய நாந்தான் பஸ்ஸுல உட்டுட்டு வந்துட்டேன்."

இரண்டு ஈ எழுந்து மறுபடி உட்கார்ந்தன.

"உங்க அண்ணன் கல்யாணத்துக்கு வேணும்னேதான் லேட்டா வந்தேன் மரகதம்."

ஒன்று எழுந்து போனது. மற்றவை அசையவில்லை. லோகநாதன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தொட்டியின் ஒரு பக்கத்தில் கை வைத்தார். தொட்டி மேசையிலிருந்து எழும்பியது.

"உப்பு நாந்தான் போட்டேன்" என்றார் தண்டபாணி.

லோகநாதன் தொட்டியை இறக்கினார்.

"சுத்திப் போட்டேன் மரகதம். மெஷினுக்குச் சுத்தற மாதிரி. கையில இருந்து கொட்டிருச்சு. தவிட நாந்தான் கொன்னேன்."

அவர் வாயிலிருந்து ஈக்கள் ஒரு பிடி எள்ளை வீசியதுபோல எழுந்து போயின. நாங்கள் மூச்சு விட்டோம். ஆனால் மரகதம் ஆச்சரியப்படவில்லை.

"தெரியுமுங்க" என்றாள். "மண்ணு மாத்தறப்பவே மொளகா வெதையும் பாதி கரைஞ்ச உப்பும் கெடந்துச்சு. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவளுடைய ஈக்களும் எழுந்தன. தொட்டியோடு கிடப்பதால் வந்த ஈ என்று நாங்கள் நினைத்திருந்தது எவ்வளவு தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்தவை போய்விட்டன, ஆனால் அவர் உதட்டில் ஒன்றும் அவள் உதட்டில் ஒன்றும் மிச்சம் இருந்தன. லோகநாதன் கிட்டே போய்க் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "இன்னும் இருக்குதுங்" என்றார் சின்னக் குரலில்.

"நத்தைக்கு எதுக்குங்க சுத்துனீங்க?" என்று கேட்டாள் மரகதம். "உங்களுக்குத்தான் அதக் கண்டாலே ஆகாதே."

தண்டபாணி எங்கள் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார். எங்களில் ஒருவரும் நாகரிகம் கருதி நகரவில்லை.

"நத்தைக்குச் சுத்தல. உனக்குத்தான் சுத்துனேன். நீ சிரிச்சே. ஊரே வந்து பாத்துச்சு. கண்ணு பட்டு மறுபடியும் நின்னு போயிருமோன்னு பயந்துட்டேன். உன்ன உக்கார வெச்சுச் சுத்தக் கூச்சமா இருந்துச்சு. இதுனாலதான சிரிக்கறே, இதுக்குச் சுத்துனா உனக்கும் சேந்துக்கும்னு நெனச்சேன். அவன் போனதுக்கப்பறம் நீ சிரிச்சு நான் கேட்டதே இல்ல."

எங்களுக்கு அவன் யார் என்று தெரியாது. அவர்களுக்குக் குழந்தை இல்லை என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தோம், அதற்கு வைத்தியமெல்லாம்கூடச் சொல்லியிருக்கிறோம். ஈ இரண்டும் அப்படியே இருந்தன.

"அவன்னா யாருங்க?" என்றாள் மரகதம். "பேரச் சொல்லுங்க."

"வேண்டாம் மரகதம்."

"ஆசுபத்திரியில பேரு நீங்கதான வெச்சீங்க. தொட்டில்ல போட்டுக் கூப்படறதுக்குள்ள போயிட்டான். அன்னைக்கிருந்து நீங்களும் சொல்லல, நானும் சொல்லல. ஒருக்கா சொல்லுங்க, நான் கேக்கோணும்."

தண்டபாணி வாயைத் திறந்தார். மூடினார். தண்ணீர் தேடுவதுபோல் பக்கத்தில் பார்த்தார், அங்கே தண்ணீர் இல்லை.

"மயூரன்" என்றார்.

"மயூரன்" என்றாள் அவளும்.

இரண்டு ஈயும் எழுந்து, கொஞ்ச நேரம் தொட்டிக்கு மேலே பறந்து, வாசல் கேட்டைத் தாண்டிப் போயின. மாரப்பன் கேட்டைத் திறந்துவிட்டார், ஈக்குக் கேட் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பிரேமாவின் மாமியார் வெள்ளரி வட்டத்தைத் தொட்டிக்குள் வைத்தார், ஒன்றே ஒன்று, அதற்குமேல் வைக்கக்கூடாது என்று இப்போது எங்களுக்குத் தெரியும்.

"ஒரு பக்கம் நீங்க புடிங்க" என்றாள் மரகதம். இரண்டு பேரும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, லிஃப்ட் இருந்தும், படி வழியாக மெதுவாக மேலே போனார்கள்.

அதற்குப் பின் ஈ வரவில்லை. எங்கள் வாயில் புது மிச்சங்கள் சேர்ந்துவிட்டன, அதை மறைப்பானேன், சிலர் ரகசியமாகத் தக்காளித் தோலை டப்பாவில் அழுகப் போட்டுப் பார்த்ததும் உண்டு, வந்தது சாதா ஈ.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி அந்தச் சிரிப்பு படியிறங்கி வந்தது. யாரும் டிவி என்று நினைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டாம் மாடிக் கதவு திறந்து, மரகதம் வெளியே வந்து, தொட்டி இருக்கும் அறையிலிருந்து எவ்வளவு தள்ளி வர முடியுமோ அவ்வளவு தள்ளி, படிக்கட்டில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தாள். தண்டபாணி ஒரு கை உப்பும் மிளகாயுமாக வந்து, விரலை இறுக்கி மூடிக்கொண்டு, நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, கூச்சத்தோடு அவளைச் சுற்றினார். உள்ளே போய் அடுப்பில் போட்டார்.

நெடி கிளம்பி மாடிக்கு மாடி ஏறியது. கீழ்த்தளத்துக்கும் இறங்கியது. பிரேமா இருமினாள், அவள் மாமியார் இருமினார், லோகநாதன் நாலாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருமினார், கேட்டருகில் மாரப்பன் எங்களைத் திட்டிக்கொண்டே இருமினார். எங்கள் கண் அவள்மேல் படவில்லை என்று தெரிந்துபோனது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய, நாங்கள் சந்தோஷமாக இருமிக்கொண்டிருந்தோம்.